பத்மாவைக் கட்டிப்போட்ட கரைகள்

வங்கதேசத்தில் பாப்னா மாவட்டத்துப் பாக்சிக்கும் குஷ்டியா மாவட்டத்துப் பேராமாராவுக்கும் நடுவே, பத்மா ஆற்றின் குறுக்கே, நூறாண்டைக் கடந்தும் ஒரு ரயில்பாலம் நிற்கிறது. கங்கைதான் அங்கே பத்மா என்ற பெயரில் ஓடுகிறது. பாலத்துக்குப் பெயர் ஹார்டிஞ்ச் பாலம். 1915 மார்ச் 4 அன்று அதைத் திறந்துவைத்த வைஸ்ராயின் பெயரையே அதற்கு இட்டார்கள். பெரிய கண்கள் 15; ஒவ்வொன்றும் 345 அடி. கரையோரமாகப் பக்கத்துக்கு 3 வீதம் 75 அடிச் சிறு கண்கள். மொத்த நீளம் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். இரண்டு அகல ரயில்பாதைகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள், ஒரு கண்ணுக்குச் சுமார் 1,250 டன். பாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். படம் எடுப்பவர்களுக்கும் செந்நிற இரும்புச் சட்டங்கள்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் இந்தப் பாலத்தின் வரலாற்றில் இரும்புக்கு இரண்டாம் இடமே தர வேண்டும் என்பது என் முடிவு. இதைவிட நீளமான இரும்புக் கண்களை உலகம் 1915க்கு முன்பே கட்டியிருந்தது. பாலம் எழுந்த சாரா என்ற இடத்தில் புதிதாகச் செய்ய வேண்டியிருந்த காரியம் வேறு. இன்று இங்கும் நாளை மூன்று மைல் தள்ளியும் ஓடக்கூடிய ஓர் ஆற்றை, பாலத்தின் கண்களுக்குக் கீழேயே ஓடும்படி என்றைக்குமாக இருத்த வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவை தண்ணீருக்கு அடியில் புதைந்த கிணறுகளும், இரு கரையிலும் மண்ணாலும் கல்லாலும் எழுப்பிய அணைகளும். பாலத்தை நிறுத்தி வைத்திருப்பது அவைதான். இருபது ஆண்டுக்கால விவாதம் நடந்ததும் அவற்றைப் பற்றித்தான்.

பாலம் வருமுன் அந்த இடத்தில் பயணம் எப்படி இருந்தது என்று பார்த்தால் ஆற்றின் குணம் விளங்கும். 1878இலிருந்து கல்கத்தாவின் சியால்டாவில் ஏறுகிறவர் அகலப் பாதையில் 185 கிலோமீட்டர் வந்து தென்கரையில் தாமுக்தியா என்ற துறையில் இறங்குவார். அங்கிருந்து நீராவிப் படகில் ஆற்றைக் கடந்து வடகரையில் சாராத் துறைக்குப் போவார். அங்கே மீட்டர் பாதை வண்டி காத்திருக்கும். அதில் 336 கிலோமீட்டர் போனால் சிலிகுரி, அதற்கு மேல் டார்ஜிலிங். பயணியாவது தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறிவிடலாம். வடவங்கத்துச் சணல் மூட்டைகளையும் மலைத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளையும் வண்டியிலிருந்து படகுக்கும் படகிலிருந்து வண்டிக்கும் ஆட்கள் சுமந்து மாற்ற வேண்டியிருந்தது. இதையும்விடப் பெரிய தொல்லை, துறை ஓரிடத்தில் நிலைக்காததுதான். மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்தால் பழைய துறைக்கு முன்னால் மணல்மேடு கிடக்கும். ஆழமான நீர் எங்கோ விலகிப் போயிருக்கும். தண்டவாளத்தைப் பெயர்த்து ஆறு போன இடத்துக்கு நீட்டிப் போடுவது ரயில்வேயின் வழக்கமான வேலைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. பத்மாவின் படுகை மிக நுண்ணிய மணலும் வண்டலும். வெள்ளத்தில் வினாடிக்கு 20 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வரும்போது அந்த மணல் ஆழமாக அரிபடும், நீர் தணியும்போது மறுபடி நிரம்பும். கரையும் அதே மண்தான் என்பதால் ஒரே பருவத்தில் வயல்களையும் ஊர்களையும் ஆறு தின்றுவிடும்.

இந்த ஆற்றைக் கல்லால் எதிர்த்துப் பார்த்து ரயில்வே ஏற்கெனவே தோற்றிருந்தது. சாராவுக்குக் கீழே, பத்மாவும் பிரம்மபுத்திராவின் நீரும் கூடும் இடத்தருகே கோவாலந்தோ என்ற துறை இருந்தது. கிழக்கு வங்க ரயில்வேயின் கடைசி நிலையம் அதுதான். நிலையத்தைக் காப்பாற்ற ஆற்றுக்குள் கட்டட முனைகளை நீட்டிக் கட்டினார்கள். ஏறக்குறைய 13 லட்சம் ரூபாய் அதில் செலவானது. 1875 ஆகஸ்ட் வெள்ளம் அந்த முனைகளையும் ரயில் நிலையத்தையும் மாஜிஸ்திரேட் கச்சேரியையும் சேர்த்து அடித்துப்போனது. அவை இருந்த இடத்தில் ஆழமான நீர் ஓடியது. ஆற்றை முட்டி நிறுத்துவதற்காகக் கட்டிய ஒவ்வொரு முனையின் நுனியிலும் சுழல் உண்டாகும். அந்தச் சுழலே முனையின் அடிமண்ணைத் தோண்டிவிடும். இதைப் பொறியாளர்கள் கோவாலந்தோவில் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள். 1889இல் சாராவில் பாலம் என்ற யோசனையைக் கிழக்கு வங்க ரயில்வே முதன்முதலில் முன்வைத்தபோது இந்தத் தோல்விக்குப் பதினான்கு வயதுதான் ஆகியிருந்தது. அப்போது பணியில் இருந்த மூத்தவர்கள் அதை மறந்திருக்க முடியாது.

யோசனை 1889, ஒப்புதல் 1908. இந்த நீண்ட இடைவெளிக்கு அரசின் கருமித்தனத்தையும் அலுவலக மந்தத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவற்றுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. சணல் வியாபாரிகளின் அவசரமும் கருவூலத்தின் கணக்கும் எப்போதும் ஒத்துப்போனதில்லை. ஆனால் கங்கையின் மேல் பாலம் கட்டப் பணமோ மனமோ இல்லாத அரசு அல்ல அது. 1887லேயே காசியில் டஃப்ரின் பாலம் திறந்தாயிற்று. அதே ஆண்டு ஹூக்ளியின் மேல் ஜூபிலி பாலமும் வந்தது. காசியில் ஆறு கெட்டியான உயர்ந்த கரையை ஒட்டி வளைகிறது. படித்துறைகள் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதற்குக் காரணம் அந்தக் கரைதான். பாலத்துக்கும் அது உதவியது. சாராவில் அப்படிப்பட்ட கரை கிடையாது. மைல் கணக்கில் அகன்ற ஆற்றுவெளி முழுவதற்கும் பாலம் போட்டால் செலவு தாங்காது. அகலத்தைக் குறைத்துக் கட்டினால், ஆறு அடுத்த வெள்ளத்தில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு அணுகுகரையை உடைத்து வேறு வழியே போய்விடலாம்; பிறகு பல கோடி ரூபாய் இரும்பு வறண்ட மணலில் நிற்கும். 1889இல் இந்த இரண்டுக்கும் நடுவே நம்பத்தக்க மூன்றாவது வழி ஒன்று வங்கத்தில் யார் கையிலும் இல்லை. ஆகவே தாமதத்தின் பெரும்பகுதியை விடை தெரியாத ஒரு கேள்விக்குரிய காலமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

விடை பஞ்சாபிலிருந்து வந்தது. அங்கே முதல் தலைமுறைப் பொறியாளர்கள் ஆற்றின் வெள்ள அகலம் முழுவதையும் பாலத்தால் மூடப் பார்த்தார்கள். வசீராபாத்தில் செனாப் ஆற்றின் மேல் 1876இல் திறந்த அலெக்சாண்டிரா பாலத்துக்கு 64 கண்கள். ஒவ்வொன்றும் 142 அடி. அத்தனை கண் கட்டியும் ஆறு நேராக வராமல் ஒரு மூலையில் குவிந்து, சில தூண்களை மட்டும் அரித்துக்கொண்டிருந்தது. மற்றக் கண்கள் மணலடைந்து கிடந்தன. 1880களின் கடைசியில் முல்தானுக்கு அருகே ஷேர்ஷாவில் அதே செனாப்பின் மேல் பாலம் கட்ட வேண்டி வந்தபோது ஜே. ஆர். பெல் என்ற பொறியாளர் வேறு விதமாக யோசித்தார். பாலத்தின் இரு முனைகளிலும், ஆற்றின் போக்கிலேயே, மேலாற்றுப் பக்கம் நீண்டும் கீழாற்றுப் பக்கம் குறுகியும் இரண்டு மண்கரைகளை எழுப்பினார். அவற்றின் தலைப்பு, வரும் நீரை மோதித் தடுக்காமல் வளைத்து உள்ளே அனுப்பும்படி உருண்டையாக வளைந்திருக்கும். ஆற்றைக் குறுக்கே முட்டாமல் கூடவே நடந்து கண்களுக்குள் கொண்டுபோய் விடுவதால் இவற்றை வழிக்கரைகள் என்று சொல்லலாம். நுட்பம் முழுவதும் கரையின் அடியில் இருக்கிறது. கரையின் சரிவில் கல் பதிப்பதோடு நில்லாமல், அதன் அடிவாரத்தில் ஆற்றுப்படுகை மேலேயே கனமான கல்லைப் பாய் விரித்ததுபோல் பரப்பிவைப்பார்கள். வெள்ளம் வந்து அடிமணலை அரிக்கும்போது அந்தக் கற்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து, அரிபட்ட பள்ளத்தின் சரிவில் தாமாகவே போய் அடைந்துகொள்ளும். பள்ளம் ஆழமாக ஆகக் கல்லும் கூடவே இறங்கும். கோவாலந்தோவில் முனைகளைக் கவிழ்த்த அதே அரிப்பு இங்கே கரைக்கான கவசத்தைத் தன் கையாலேயே கட்டிக்கொடுக்கிறது. மணல் ஆறுகளைப் பற்றி அந்த நூற்றாண்டில் கண்டறிந்தவற்றுள் இதற்கு ஈடாக ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

பஞ்சாபில் சோதித்த இந்த முறையைத் தொகுத்து, இந்திய ஆறுகளுக்கெல்லாம் பொருந்தும் விதமாக எழுதிவைத்தவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். வழிக்கரை முறையைப் பற்றிய அவருடைய நூல் 1903இல் அரசு வெளியீடாக வந்தது. கல்லின் எடை, படுகை மணலின் நுண்மை, ஆற்றின் சரிவு, எதிர்பார்க்க வேண்டிய அரிப்பின் ஆழம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டிய நூல் அது. அதற்கு முந்தைய ஆண்டு சாராப் பாலத்தைப் பற்றிய அறிக்கையைத் தயாரித்தவரும் அவரே. தமிழ் வாசகருக்கு ஸ்பிரிங் வேறொரு காரணத்தால் தெரிந்தவர். 1904இல் அவர் சென்னைத் துறைமுகத்தின் தலைவராக வந்தார். 1912இல் அந்த அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கராகச் சேர்ந்த ராமானுஜனின் மேதைமையை உணர்ந்து, அவருக்காகப் பல்கலைக்கழகத்திடமும் அரசிடமும் பேசியவர்களில் ஒருவர் அவர். ஆற்றில் நகரும் மணலைப் படித்துவிட்டு வந்தவர் சென்னையில் எதிர்கொண்டதும் மணல்தான். கடலோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து துறைமுக வாயை அடைக்கும் மணல். வாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றியது அவர் காலத்து வேலை. ராமானுஜன் வரலாற்றில் ஓரமாக வந்துபோகும் இந்த மனிதருக்குத் தனியே ஒரு பெரிய இடம் உண்டு என்பதை நம்மவர்கள் போதுமான அளவு எழுதவில்லை.

கட்டும் பொறுப்பு ராபர்ட் கேல்ஸ் என்பவரிடம் வந்தது. வேலை நடந்த வரிசையே என் வாதத்துக்குச் சான்று. 1910–11 வறட்சிப் பருவத்தில் முதலில் தொடங்கியவை கரைகாப்பு வேலைகள். 1912 வாக்கில்தான் தூண்களுக்கான கிணறு இறக்குதல் வேகம் பிடித்தது. பாலம் அமையும் இடத்துக்கு மேலாற்றில் ரய்தா, சாரா ஆகிய இடங்களில் கொஞ்சம் கெட்டியான களிமண் கரைகள் இருந்தன. அவற்றைக் கல்லடுக்கி நிலைப்படுத்தினால், ஆறு பாலத்தை நோக்கி எந்தக் கோணத்தில் வரும் என்பதைக் கட்டுக்குள் வைக்கலாம் என்பது கேல்ஸின் கணக்கு. வழிக்கரை வேலைக்குக் கறாரான ஒரு விதி உண்டு. அரைகுறையாக நிற்கும் கரையை வெள்ளம் விட்டுவைக்காது. ஆகவே தொடங்கிய கரையை மழை வருமுன் முடித்தாக வேண்டும். நவம்பரிலிருந்து மே வரை கிடைக்கும் ஏழு மாதத்துக்குள் மண்ணும் கல்லும் ஆளும் வண்டியும் ஒரே இடத்தில் வந்து குவிய வேண்டும். வங்கச் சமவெளியில் கருங்கல் கிடையாது. மேற்கே மலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு கல்லும் வந்து சேர வேண்டும். சுமார் 24,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். வைஸ்ராயின் பெயர் பாலத்தில் இருக்கிறது, கேல்ஸின் பெயர் பொறியியல் நூல்களில் இருக்கிறது. மண் சுமந்தவர்களுக்கும் கிணற்றுக்குள் இறங்கியவர்களுக்கும் மிஞ்சியது இந்த ஓர் எண்ணிக்கைதான்.

கிணறு இறக்கும் முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. தாஜ்மகாலின் யமுனைக் கரைப் பக்கத்து அடித்தளம் கிணறுகளின் மேல்தான் நிற்கிறது. மணல்மேல் எப்படிக் கட்டுவது என்பதைக் கல்லணையிடமிருந்து கற்றதாகப் பொறியாளர் ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அவர் அணை கட்டியது அந்தத் துணிவில்தான். சாராவில் மாறியது அளவு. கூரிய இரும்பு விளிம்பின் மேல் கட்டடச் சுவரை எழுப்பி, உள்ளே இருக்கும் மணலை இயந்திரக் கொத்துகளால் அள்ளி வெளியே கொட்டக் கொட்ட, கிணறு தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். ஒரு பக்கம் களிமண் தட்டினாலும் பழைய மரம் ஒன்று புதைந்து கிடந்தாலும் கிணறு சாயும்; சாய்ந்ததை நிமிர்த்துவது வாரக்கணக்கில் பிடிக்கும் பொறுமையான வேலை. வறட்சிக்கால நீர்மட்டத்துக்குக் கீழே 150 அடி, சிலவற்றில் ஏறத்தாழ 160 அடி வரை இறக்கினார்கள். பாலங்களுக்காக அன்றுவரை உலகில் இறக்கிய கிணறுகளில் இவ்வளவு ஆழமானவை இல்லை. அவ்வளவு ஆழத்திலும் பாறை இல்லை; கிணறுகள் மணலின் மேலேயே நிற்கின்றன, வெள்ளத்தின் அரிப்பு எட்டாத மணலின் மேல். 1915 ஜனவரி முதல் தேதி முதல் சரக்கு வண்டி பாலத்தைக் கடந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கிணறுகள் அவ்வளவு ஆழமாக இருக்கும்போது வழிக்கரைகளை ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும்? தூண் சாயாவிட்டால் பாலம் நிற்குமே? தூண் சாயாது, உண்மை. ஆனால் ஆறு பாலத்தை விட்டு விலகிப் போய்விட்டால் சாயாத தூணால் பயன் என்ன? கிணறும் வழிக்கரையும் ஒரே கேள்விக்கான இரண்டு பாதி விடைகள். ஆற்றை ஒடுக்கி ஒரு மைலுக்குள் கொண்டுவந்ததாலேயே அதன் அரிப்பு ஆழமாகிறது. அரிப்பு ஆழமாவதாலேயே கிணறு அவ்வளவு கீழே போக வேண்டியிருக்கிறது. கரை முடிவு செய்ததைக் கிணறு நிறைவேற்றியது என்பதே சரியான வரிசை.

அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது. 1933 செப்டம்பரில் வலப்புற வழிக்கரையை ஆறு உடைத்தது. பதினெட்டு ஆண்டுகளிலேயே உடைந்த ஒன்றை வெற்றி என்று எப்படிச் சொல்வது? ஆறு மேலாற்றில் தன் வளைவை மாற்றிக்கொண்டு, கேல்ஸ் எதிர்பார்த்த கோணத்தில் வராமல் கரையின் மேல் சாய்வாக மோதியது. கீழே பரப்பிவைத்த கல் போதவில்லை. பெருமளவு கல்லைக் கொட்டிக் கரையை மீட்டார்கள்; பாலத்துக்கு ஆபத்து வரவில்லை. அதன்பின் நடந்தது முக்கியம். பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் கிளாட் இங்கிலிஸ் நடத்திய ஆய்வுநிலையத்தில் ஹார்டிஞ்ச் பாலத்தையும் அதன் ஆற்றுப் பகுதியையும் சிறு மாதிரியாக அமைத்து நீர் விட்டுச் சோதித்தார்கள். இந்தியாவில் ஆறுகளை மாதிரி வைத்து ஆராயும் மரபு வளர்ந்ததில் இந்த உடைப்புக்குப் பங்கு உண்டு. கேல்ஸும் 1938இல், சாராவின் அனுபவத்தை வைத்தே ரயில்பாலங்களுக்கான ஆற்றுக்கட்டுப்பாட்டு விதிகளைத் திருத்தி எழுதினார். 1933 எனக்குச் சொல்வது இதுதான்: வழிக்கரை கட்டி முடித்துத் திறப்புவிழா நடத்திவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல. கல் வண்டிகள் எப்போதும் தயாராக நிற்க வேண்டும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆழம் பார்க்க வேண்டும், சரிந்த கல்லுக்கு ஈடாகப் புதுக் கல் போட வேண்டும். பாலத்தின் உண்மையான செலவைத் திறப்பு நாளின் கணக்கேட்டில் தேடக் கூடாது. அது ஆண்டுதோறும் கொட்டிய கல்லில் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு ஆற்றைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது. இதற்கு முழு விடை சொல்ல என்னால் முடியாது. பாலம் அடைந்த வெற்றிக்கு வங்கத்தின் வயல்கள் விலை கொடுத்தன என்பது அந்த வாதம். ரயில்பாதை ஆற்றை ஓரிடத்தில் கடந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் உயரமான மண்கரைமேல் மைல் கணக்கில் போகிறது. வடவங்கத்தில் வெள்ளநீர் நிலமெங்கும் மெல்லப் பரவி, வண்டலை இட்டு, வடிந்து போகும் இயற்கை இருந்தது. குறுக்கே எழுந்த ரயில்கரைகள் போதிய திறப்பு இல்லாமல் அந்த நீரைத் தேக்கின. வங்கத்தின் பொதுச் சுகாதார இயக்குநராக இருந்த சார்லஸ் பென்ட்லி, மலேரியா பரவியதற்கும் இந்தக் கரைகளுக்கும் உள்ள தொடர்பை ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தார். 1925இல் அதை நூலாகவே வெளியிட்டார். எகிப்தில் நைல் நதியில் வேலை செய்து பெயர்பெற்ற வில்லியம் வில்காக்ஸ் 1928இல் கல்கத்தாவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், பழைய வங்கத்தின் வெள்ளப் பாசன முறையைக் கரைகள் கொன்றுவிட்டன என்று கடுமையாகவே பேசினார். 1922இல் வடவங்கம் வெள்ளத்தில் மூழ்கி, ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் தலைமையில் நிவாரணப் பணி நடந்தபோது, சாந்தாஹார் வழியாகப் போகும் ரயில்கரை பொதுவிவாதத்துக்கு வந்தது. அந்தப் பாதைதான் சாராப் பாலத்திலிருந்து வடக்கே போகும் பாதை.

இந்த மறுப்பில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் அது ஒன்றைத் தெளிவாக்குகிறது. பத்மாவின் முன்னால் பொறியாளர்கள் பணிவாக நடந்தார்கள். இருபது ஆண்டு யோசித்தார்கள், படுகை மணலை அளந்தார்கள், ஆறு என்ன செய்யும் என்று அதனிடமே கேட்டுக் கட்டினார்கள். ஏனென்றால் பத்மா அவர்களுடைய இரும்பைத் தின்றுவிடும். அதே ரயில்வே, சிறு ஓடைகளையும் வயல்வெளி வெள்ளத்தையும் கடக்கும்போது அந்தக் கவனத்தைக் காட்டவில்லை. ஏனென்றால் அங்கே பாதிப்பு ரயில்வேக்கு அல்ல, குடியானவனுக்கு. பெரிய ஆற்றில் கற்ற பாடத்தைச் சிறிய ஓடைக்கும் பயன்படுத்தியிருந்தால் கரைகளில் இன்னும் எத்தனையோ கண்கள் திறந்திருக்கும். அறிவு இருந்தது, அதை யாருக்காகச் செலவழிப்பது என்பதில்தான் பிழை நடந்தது. குற்றத்தைச் சாராவின் வழிக்கரைகள்மேல் போடுவதைவிட, அவை தந்த அறிவைப் பாதையின் மற்றப் பகுதிகளுக்கு மறுத்தவர்கள்மேல் போடுவதே நியாயம்.

பாலம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. சணல், தேயிலை, மலைவாசத் தலத்துக்குப் போகும் அதிகாரிகள். ஆனால் கட்டியவர்களின் நோக்கம் நிறைவேறிய காலம் எவ்வளவு என்பது கவனிக்கத்தக்கது. பாலம் வந்தபின்னும் வடக்கே மீட்டர் பாதை இருந்ததால் சரக்கு மாற்றுவது தொடர்ந்தது, இடம் மட்டும் சாந்தாஹாருக்கு நகர்ந்தது. அகலப் பாதை 1924இல் பார்வதிபூருக்கும் 1926இல் சிலிகுரிக்கும் போன பிறகே கல்கத்தாவில் ஏறுகிறவர் இறங்காமல் மலையடிவாரம் வரை போக முடிந்தது. 1947இல் எல்லை வந்தது. பேரரசு நினைத்தபடி அந்தப் பாதை முழுமையாக வேலை செய்தது 21 ஆண்டுகள்தான். பாலம் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1965 போருக்குப் பின் எல்லை கடந்த வண்டிகள் நின்றன. 1971 டிசம்பரில் விடுதலைப் போரின் கடைசி நாட்களில் 12ஆவது கண் உடைந்து ஆற்றில் விழுந்தது. இந்தியாவின் உதவியோடு பழுதுபார்த்து, 1972 அக்டோபர் 12 அன்று மறுபடி வண்டி விட்டார்கள். இரும்பு எளிதாக மாற்றக்கூடியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேண்டியதில்லை. விழுந்த கண்ணுக்குப் பதில் புதுக் கண் பத்தே மாதத்தில் ஏறிவிட்டது. வழிக்கரை போயிருந்தால் பத்து மாதத்தில் ஆற்றைத் திரும்ப அழைத்துவந்திருக்க முடியாது.

கடைசியாக ஒன்று சொல்வார்கள். 1975இல் மேலாற்றில் இந்தியாவின் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் வறட்சிக் காலத்தில் பத்மாவில் நீர் வெகுவாகக் குறைந்துவிட்டது. 1993 மார்ச்சில் பாலத்தின் கீழே வினாடிக்கு 10,000 கன அடிக்கும் கீழே போயிற்று. பல கண்களுக்கு அடியில் மணல்திட்டுதான் தெரிகிறது. இத்தனை பெரிய ஏற்பாடு இனி எதற்கு என்று கேட்பவர்கள் 1988ஐயும் 1998ஐயும் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டுகளின் பெருவெள்ளம் முழுவதும் இந்த 15 கண்களுக்குள் நுழைந்துதான் போனது. மார்ச் மாதத்து மணலை வைத்து ஆகஸ்ட் மாதத்து ஆற்றை எடைபோட முடியாது.

வழிக்கரைகள் இன்னொரு பயனையும் தந்தன. கட்டியவர்கள் அதை மனத்தில் வைத்துக் கட்டவில்லை. இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆற்றை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு அளக்க முடியாது. ஓரிடத்தில் நிலைத்த குறுக்குவெட்டு, அசையாத தூண்கள், பெயர்ந்து போகாத கரைகள் இருந்ததால் ஹார்டிஞ்ச் பாலம் கங்கையின் அளவுகோலாகிவிட்டது. 1934 முதல் அங்கே ஓடும் நீரின் அளவைப் பதிவு செய்து வருகிறார்கள். ஃபராக்காவால் எவ்வளவு குறைந்தது என்று வங்கதேசம் வாதாட முடிந்தது இந்தப் பதிவுகளை வைத்துத்தான். 1996 டிசம்பர் 12 அன்று இந்தியாவும் வங்கதேசமும் கையெழுத்திட்ட கங்கை நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம், கூட்டுக் குழுவின் ஆட்கள் நாள்தோறும் அளவெடுக்க வேண்டிய இடங்களாக ஃபராக்காவையும் ஹார்டிஞ்ச் பாலத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த ஒப்பந்தத்தின் காலம் 30 ஆண்டு; அது 2026 டிசம்பரோடு முடிகிறது.